கிணற்றில் விழுந்தது நாம் செய்த காம்ப்ளெக்ஸ்தானா? தர்மபுரி லேபிலிருந்து ஒரு செய்முறைப் பதிவு

உலோகக் காம்ப்ளெக்ஸ் (லிகண்ட் என்ற கரிம மூலக்கூறு உலோக அயனியைப் பிடித்துக்கொண்ட சேர்மம்) செய்து பாக்டீரியா மேல் சோதிக்கும் எம்.எஸ்சி. புராஜெக்ட் நம் பக்கத்துக் கல்லூரிகளில் ஆண்டுதோறும் நடக்கிறது. ஒரு லிகண்ட், நான்கு உலோகம், பாக்டீரியா வளர்க்கும் அகார் தட்டில் கிணறு என்று சொல்லும் நான்கு சின்னக் குழி, கடைசியில் ஓர் அட்டவணை: "லிகண்டை விடக் காம்ப்ளெக்ஸ் வீரியமானது." அந்த வரியை நம்புவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. பொடியில் ஒட்டியிருந்த தனிக் காப்பர் உப்பு அந்த வேலையைச் செய்யவில்லை என்பதற்கு என்ன சான்று? கிணற்றில் ஊற்றிய பிறகும் காம்ப்ளெக்ஸ் காம்ப்ளெக்ஸாகவே இருந்ததா? கீழே உள்ள செய்முறை முழுவதும் இந்த இரண்டு கேள்விகளையும் மனதில் வைத்து அமைந்தது. எடுத்துக்கொண்ட சேர்மம் காப்பர் சாலன், அதாவது சாலன் என்ற லிகண்ட் காப்பரைப் பிடித்த காம்ப்ளெக்ஸ். பொருட்கள் மலிவு, ஒரே நாளில் கைக்கு வரும், தப்பு நடந்தால் கண்ணிலேயே தெரியும்.

முதலில் தண்ணீர்

தர்மபுரி, கிருஷ்ணகிரி போர்வெல் தண்ணீரின் ஃப்ளூரைடைப் பற்றி ஊருக்கே தெரியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். லேபுக்கு அதைவிடப் பெரிய தொல்லை கடினத்தன்மையும் பைகார்பனேட்டும் குளோரைடும். டிஸ்டில்லேஷன் யூனிட்டின் ஹீட்டரில் வெள்ளைப் படலம் ஏறியபின் தண்ணீர் குதித்துக் கொதிக்கும். அந்தத் துளிகள் ஆவியோடு சேர்ந்து மறுபக்கம் போய்விடும். "டிஸ்டில்டு வாட்டர்" என்று கேனில் எழுதியிருப்பது போதாது. தினமும் காலையில் இரண்டு சோதனை செய்துவிடுங்கள்.

5 மி.லி. தண்ணீரில் 2 சொட்டு நீர்த்த நைட்ரிக் அமிலம், 3 சொட்டு 1 சதவீத சில்வர் நைட்ரேட். பால் கலங்கல் தெரிந்தால் குளோரைடு கடந்து வந்திருக்கிறது. இன்னொரு குழாயில் அம்மோனியா பஃபர் விட்டு பி.எச். 10-க்குக் கொண்டுவந்து ஒரு சிட்டிகை எரியோகுரோம் பிளாக் டி போடுங்கள். நீலம் நின்றால் நல்லது. ஒயின் சிவப்பு வந்தால் கால்சியம், மெக்னீசியம் இருக்கிறது. அப்படியென்றால் ஹீட்டரை 5 சதவீத அசிட்டிக் அமிலத்தில் ஓர் இரவு ஊற வைத்துக் கழுவி, முதல் அரை லிட்டரைக் கொட்டிவிட்டு மறுபடி சோதிக்க வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு விற்கும் தண்ணீரும் இதே இரண்டு சோதனையில் தேறினால் கழுவுவதற்குப் போதும். மீடியா தயாரிக்க அது வேண்டாம்.

இவ்வளவு பிடிவாதம் ஏன் என்றால், காப்பர் அசிடேட்டை போர்வெல் தண்ணீரில் கரைத்துச் சூடாக்கினால் வெளிர் நீலப்பச்சையில் பேசிக் காப்பர் கார்பனேட் இறங்கும். கரும்பச்சைக் காம்ப்ளெக்ஸோடு அது கலந்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. சந்தேகம் வந்தால் வாட்ச் கிளாஸில் கொஞ்சம் பொடி வைத்து ஒரு சொட்டு நீர்த்த அமிலம் விடுங்கள். நுரைத்தால் அந்த பேட்ச் வீண்.

லிகண்ட்

சாலிசிலால்டிஹைடு 2.44 கிராம், அதாவது 20 மில்லிமோல், அளவில் சுமார் 2.1 மி.லி. எத்திலீன் டையமீன் 0.60 கிராம், 10 மில்லிமோல், சுமார் 0.67 மி.லி. எத்தனால் 30 மி.லி. எத்தனால் பர்மிட் இல்லாத இடத்தில் மெத்தனாலும் ஒத்துவரும்.

இரண்டு திரவத்தையுமே நம்பக் கூடாது. சாலிசிலால்டிஹைடு காற்றுப்பட்டால் பழுப்பேறும், கொஞ்சம் அமிலமாகவும் மாறும். சோடியம் பைகார்பனேட் கரைசலோடு குலுக்கினால் குமிழி வரக் கூடாது. எத்திலீன் டையமீன் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்ளும். பாட்டில் வாயில் வெள்ளையாகக் கட்டியிருப்பது அதுதான். அந்த பாட்டிலிலிருந்து 0.67 மி.லி. எடுத்தால் உள்ளே 10 மில்லிமோல் இருக்காது. அதனால் பிப்பெட்டில் அளப்பதைவிட மூடியுள்ள குடுவையில் எடை போடுவது மேல். எல்லாம் ஃப்யூம் ஹூடுக்குள். டையமீன் ஆவி மூச்சுக் குழாய்க்கு ஆகாது.

ஆல்டிஹைடை 20 மி.லி. எத்தனாலில் கரைத்து, தண்ணீர்க் குளியலில் 60 டிகிரி வரை சூடாக்குங்கள். டையமீனை மீதி 10 மி.லி.யில் கரைத்து, கலக்கிக்கொண்டே சொட்டுச் சொட்டாக விடுங்கள். இந்த வரிசையை மாற்றக் கூடாது. ஆல்டிஹைடுக்குள் டையமீன் போனால்தான் ஒவ்வொரு டையமீனும் இரண்டு பக்கமும் பிடிக்கப்படும். மாற்றி ஊற்றினால் ஒரு பக்கம் மட்டும் சேர்ந்த பாதிப் பொருள் வரும், அது பிசுபிசுப்பாக அடியில் உட்காரும். சரியாகப் போனால் மூன்றாவது, நான்காவது சொட்டிலேயே கரைசல் எலுமிச்சை மஞ்சளாகும். முழுதும் விட்டு முடிப்பதற்குள் தகடு தகடாக மஞ்சள் படிகம் மினுங்கிக்கொண்டு சுழலும். 30 நிமிடம் ரிஃப்ளக்ஸ் (ஆவி குளிர்ந்து குடுவைக்கே திரும்பும்படி கொதிக்க வைப்பது), பின் ஐஸில் 20 நிமிடம், பிறகு ஃபில்டர். ஓவர்ஹெட் டேங்கில் தண்ணீர் குறைந்த நாளில் ஆஸ்பிரேட்டர் இழுக்காது. கைப்பம்பு ஒன்று வைத்திருப்பது நல்லது. குளிர்ந்த எத்தனால் 5 மி.லி. வீதம் இரண்டு முறை கழுவுங்கள்.

கணக்குப்படி 2.68 கிராம் வர வேண்டும், 2.2-க்கு மேல் கிடைத்தால் போதும். உருகுநிலை 125 முதல் 128 டிகிரிக்குள், இரண்டு டிகிரி இடைவெளியில் முடிய வேண்டும். 118-இல் ஈரமாகத் தொடங்கினால் சூடான எத்தனாலில் மறுபடி படிகமாக்குங்கள். சோம்பேறித்தனம் பட்டு இந்த இடத்தைத் தாண்டினால் பின்னால் எதுவுமே பொருந்தாது.

காப்பர் ஏற்றுதல்

லிகண்ட் 1.34 கிராம், 5 மில்லிமோல், 40 மி.லி. சூடான எத்தனாலில். காப்பர் அசிடேட் மோனோஹைட்ரேட் 1.00 கிராம், அதுவும் 5 மில்லிமோல், 20 மி.லி. வெதுவெதுப்பான மெத்தனாலில். பச்சைக் கரைசலை மஞ்சளுக்குள் மெல்ல விட்டதும் நிறம் கறுக்கும், வினிகர் வாசம் எழும். அந்த வாசம் நல்ல அறிகுறி: அசிடேட் லிகண்டின் ஃபீனால் புரோட்டானைப் பிடுங்கி அசிட்டிக் அமிலமாக வெளியேறுகிறது. காப்பர் குளோரைடு மட்டும்தான் கையில் இருக்கிறது என்று அதைப் போட்டால் புரோட்டானை எடுக்க ஆளில்லை. 10 மில்லிமோல் ட்ரைஎத்திலமீன் தனியாகச் சேர்க்க வேண்டும், குளோரைடு கழுவி முடிகிற வேலையும் கூடும். அசிடேட்டே வாங்கிவிடுங்கள்.

ஒரு மணி நேரம் ரிஃப்ளக்ஸ், அறை வெப்பத்துக்கு ஆறியதும் ஃபில்டர். கரும்பச்சைப் பொடி வரும், கணக்கு 1.65 கிராம். இதே முறையில் நிக்கல் அசிடேட் டெட்ராஹைட்ரேட் 1.24 கிராம் போட்டால் ஆரஞ்சு சிவப்பும், ஜிங்க் அசிடேட் டைஹைட்ரேட் 1.10 கிராம் போட்டால் வெளிர் மஞ்சளும் கிடைக்கும். ஜிங்க் பொடியை யூ.வி. விளக்கின் கீழ் காட்டினால் நீலமாக ஒளிரும். கோபால்ட் பக்கம் மட்டும் போகாதீர்கள். கோபால்ட் சாலன் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். நைட்ரஜன் வசதியில்லாத லேபில் கிடைப்பது என்ன என்று யாராலும் சொல்ல முடியாது.

கழுவுவதுதான் இந்தப் புராஜெக்டின் உயிர். சூடான டிஸ்டில்டு தண்ணீர் 10 மி.லி., பின் குளிர்ந்த எத்தனால் 5 மி.லி., மறுபடி தண்ணீர். ஒவ்வொரு முறை இறங்கும் தண்ணீரிலும் 1 மி.லி. எடுத்து, பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடு ஒரு சொட்டு விடுங்கள். சாக்லேட் பழுப்பு வந்தால் தனிக் காப்பர் இன்னும் இருக்கிறது. நிறம் எதுவும் வராத வரை கழுவிக்கொண்டே இருக்க வேண்டும்; "மூன்று முறை கழுவினோம்" என்ற கணக்குக்கு அர்த்தமில்லை. கடைசியாக ஈதர் 5 மி.லி. ஈதர் 35 டிகிரிக்குக் கீழேயே கொதிக்கும். தர்மபுரி ஏப்ரலில் அறை வெப்பமே அதைத் தாண்டும். மதியம் பாட்டிலைத் திறந்தால் சீறும், பக்கத்தில் ஹீட்டிங் மேன்டில் ஓடினால் ஆபத்து. காலை எட்டு மணிக்கு, ஐஸில் வைத்துத் திறங்கள். பொடி கால்சியம் குளோரைடு டெசிகேட்டரில் ஓர் இரவு இருக்கட்டும்.

செய்தது அதுதானா

உபகரணம் எதுவும் இல்லாமல் செய்யக்கூடிய வலுவான சான்று காப்பர் அளவு. சூத்திரப்படி காப்பர் 19.27 சதவீதம். பொடி 0.2000 கிராம் எடுத்து, 5 மி.லி. அடர் நைட்ரிக் அமிலத்தில் மெல்லச் சூடாக்கிச் சிதைத்து, ஆறியபின் 2 மி.லி. அடர் சல்ஃப்யூரிக் சேர்த்து வெள்ளைப் புகை வரும் வரை காய்ச்சுங்கள். பெர்குளோரிக் அமிலம் எந்தப் புத்தகத்தில் போட்டிருந்தாலும் இங்கே தொடாதீர்கள். கரிமப் பொருளோடு சேர்ந்தால் வெடிக்கும். ஆறவிட்டு 50 மி.லி.க்கு நீர்த்து, 0.5 கிராம் யூரியா போட்டுக் கொதிக்க வைத்தால் மிச்ச நைட்ரஸ் போகும். அது நின்றால் அயோடைடை ஆக்சிஜனேற்றி அளவைக் கூட்டிவிடும். அம்மோனியாவில் நீலம் வரும் வரை நடுநிலைப்படுத்தி, அசிட்டிக் அமிலத்தில் திருப்பி, 1.5 கிராம் பொட்டாசியம் அயோடைடு, 0.02 மோலார் தயோசல்ஃபேட், ஸ்டார்ச். முடிவு நெருங்கும்போது 1 கிராம் தயோசயனேட் போடுங்கள்; வீழ்படிவு பிடித்துவைத்த அயோடின் வெளியே வரும். தயோசல்ஃபேட் 30.3 மி.லி. செலவாக வேண்டும். 31.5 வந்தால் காப்பர் 20 சதவீதம்: காப்பர் அசிடேட்டில் 31.8 சதவீதம் காப்பர் என்பதால் கழுவல் போதவில்லை என்று படிக்கலாம். 28-க்கு இறங்கினால் லிகண்ட் மிச்சம் அல்லது பொடி காயவில்லை.

ஐ.ஆர். (அகச்சிவப்பு நிறமாலை) படத்தில் மாணவர்கள் முதலில் தேடுவது 1635 அருகே உள்ள இமின் வரியின் நகர்வை. அந்த நகர்வு சிறியது. அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. லிகண்டில் 2500 முதல் 3000 வரை பரந்து கிடக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு ஓ.எச். பட்டை காம்ப்ளெக்ஸில் காணாமல் போயிருக்கிறதா என்று பாருங்கள், அது உருப்படியான சான்று. 3400-இல் மேடு தெரிந்தால் "கோ-ஆர்டினேட்டட் வாட்டர்" என்று உடனே எழுத வேண்டாம். பொட்டாசியம் புரோமைடு ஈரம் இழுத்திருக்கும். 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் காயவைத்து மறுபடி பெல்லட் போடுங்கள். 400 முதல் 600 வரை உள்ள ஒவ்வொரு சின்ன மேட்டுக்கும் காப்பர்–நைட்ரஜன், காப்பர்–ஆக்சிஜன் என்று பெயர் வைக்கும் பழக்கத்தையும் விடலாம்.

மோலார் கடத்துத்திறன் அரை மணி நேர வேலை. மில்லிமோலார் கரைசல், டி.எம்.எஃப். என்ற கரைப்பானில். ஒன்றுக்கு ஒன்று எலக்ட்ரோலைட் என்றால் 65 முதல் 90 வரை காட்டும். நடுநிலைக் காம்ப்ளெக்ஸ் அதற்கு வெகு கீழே இருக்க வேண்டும். 30, 40 என்று வந்தால் கழுவல் மேசைக்குத் திரும்புங்கள். நிக்கல் சாலன் சமதளச் சதுரம், காந்த ஈர்ப்பு கூடாது. காந்த ஈர்ப்பை அளக்கும் கோய் தராசில் இழுத்தால் அது நிக்கல் சாலன் மட்டும் அல்ல. காப்பருக்கு ஈ.பி.ஆர். (இணையில்லா எலக்ட்ரானைக் காட்டும் நிறமாலை) வேண்டும் என்றால் சென்னை ஐ.ஐ.டி.யின் சைஃப் (SAIF) கருவி மையத்துக்கு அனுப்பலாம். பிளாஸ்டிக் கவரில் வேண்டாம், கண்ணாடி வயலில் அனுப்புங்கள்.

தட்டு

எடை சமமாக எடுத்து ஒப்பிடுவது இந்த வகைப் புராஜெக்டில் நிரந்தரத் தப்பு. 1 மில்லிகிராம் காப்பர் அசிடேட்டில் உள்ள காப்பர் 1 மில்லிகிராம் காம்ப்ளெக்ஸில் இல்லை. மோல் சமமாக, 3 மில்லிமோலார் எடுங்கள். ஒரு மி.லி. டி.எம்.எஸ்.ஓ. கரைப்பானுக்கு காம்ப்ளெக்ஸ் 0.99 மி.கி., லிகண்ட் 0.80 மி.கி., காப்பர் அசிடேட் 0.60 மி.கி. இவற்றோடு வெறும் டி.எம்.எஸ்.ஓ., ஒப்பீட்டுக்கு ஆன்டிபயாடிக் சிப்ரோஃப்ளாக்சசின் 5 மைக்ரோகிராம் டிஸ்க். மொத்தம் ஐந்து, இதில் ஒன்று குறைந்தாலும் அட்டவணைக்கு மதிப்பில்லை. காம்ப்ளெக்ஸ் முழுதும் கரைந்ததா என்று டியூபை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துகள் மிதந்தால் எல்லாவற்றையும் பாதியாக நீர்த்துக்கொள்ளலாம்.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் டிசம்பர் காலையில் டி.எம்.எஸ்.ஓ. பாட்டில் கல்லாக இருக்கும். கெட்டுப்போகவில்லை, உறைநிலையே 18.5 டிகிரி. வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தினால் இளகும். அதே ஓசூருக்கு ஆட்டோகிளேவிலும் ஒரு திருத்தம் உண்டு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம் என்பதால் கேஜில் 15 பவுண்டு காட்டினாலும் உள்ளே 121 டிகிரி எட்டாது. 16.5 பவுண்டு வையுங்கள், இண்டிகேட்டர் டேப்பும் ஒட்டுங்கள்.

முல்லர் ஹின்டன் அகார் லிட்டருக்கு 38 கிராம், பி.எச். 7.2 முதல் 7.4. 90 மி.மீ. தட்டுக்கு 25 மி.லி. ஊற்றினால் 4 மி.மீ. ஆழம் வரும். தட்டு சரிந்த மேசையில் ஆறினால் ஒரு பக்கம் மெலிதாகி அங்கே ஜோன் (கிணற்றைச் சுற்றிப் பாக்டீரியா வளராத வட்டம்) பெரிதாகும். பாக்டீரியா கலங்கலுக்கு 0.5 மெக்ஃபார்லண்ட் நியமம்: 1.175 சதவீத பேரியம் குளோரைடு 0.05 மி.லி., 1 சதவீத சல்ஃப்யூரிக் அமிலம் 9.95 மி.லி. கலங்கலைச் சரிசெய்த 15 நிமிடத்துக்குள் ஸ்வாபால் மூன்று திசையில் தடவி முடிக்க வேண்டும். ஸ்ட்ரெயின்களைச் சண்டிகரிலுள்ள நுண்ணுயிர் சேகரிப்பு மையமான எம்.டி.சி.சி.யிலிருந்து வாங்குவது நல்லது. பெயர் தெரியாத "ஹாஸ்பிடல் ஐசோலேட்" வைத்து வந்த எண்ணை யாரோடும் ஒப்பிட முடியாது. ஸ்டாஃபைலோகாக்கஸ் ஏ.டி.சி.சி. 25923 வைத்தால் சிப்ரோ டிஸ்க் 22 முதல் 30 மி.மீ. காட்ட வேண்டும். அதற்கு வெளியே போனால் தட்டோ கலங்கலோ தப்பு, அன்றைய எண்கள் எதையும் எழுத வேண்டாம்.

6 மி.மீ. கார்க் போரரில் வெட்டிய கிணறு சுமார் 110 மைக்ரோலிட்டர் கொள்ளும். 80 மட்டும் ஊற்றுங்கள். அகார் துண்டை ஊசியால் நெம்பும்போது அடியில் அகார் லேசாகத் தூக்கிக்கொள்ளும். ஊற்றியது கீழே வழிந்து பரவினால் மறுநாள் பிறை வடிவத்தில் ஜோன் வரும். வெட்டியதும் கிணற்றின் அடியில் உருகிய அகார் ஒரு சொட்டு விட்டால் இந்தத் தொல்லை தீரும். 35 டிகிரியில் 18 மணி நேரம். இரவில் கரண்ட் போய் வந்தால் இன்குபேட்டரின் வெப்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அளவு எழுதும்போது 6 மி.மீ. கிணறு உட்பட என்று குறிப்பிடாதவர்கள் நிறைய.

இனி முடிவைப் படிப்பது. காப்பர் சாலன் மின்னூட்டம் இல்லாதது, தண்ணீரில் கரையாதது. அகார் ஈரத்துக்குள் போனதும் கிணற்றுச் சுவரிலேயே பச்சை வளையமாக வீழ்படியும். அப்போது ஜோன் சிறிதாக வந்தால் அது வீரியம் குறைவு என்று ஆகாது, பரவவில்லை என்றுதான் ஆகும். மறுபக்கம், முல்லர் ஹின்டனில் உள்ள கேசின் ஹைட்ரோலைசேட் அமினோ அமிலங்கள் தனிக் காப்பரைக் கட்டிப்போடும். காப்பர் அசிடேட் கிணறு சாதுவாகத் தெரிவதற்கு அதுவும் காரணம். ஆகவே ஜோனை வைத்து வரிசைப்படுத்தாமல், 96 குழித் தட்டில் எம்.ஐ.சி. (வளர்ச்சியை நிறுத்தும் மிகக் குறைந்த செறிவு) பாருங்கள். இரட்டை நீர்த்தல், டி.எம்.எஸ்.ஓ. 1 சதவீதத்துக்குள். காம்ப்ளெக்ஸின் நிறம் கலங்கலை மறைப்பதால் ரெசாசுரின் சாயம் சேர்த்துப் படிக்க வேண்டும். நீலம் இளஞ்சிவப்பானால் பாக்டீரியா உயிரோடு இருக்கிறது.

கூடவே ஒரு சோதனை. காம்ப்ளெக்ஸை ப்ராத்தில் (பாக்டீரியா வளர்க்கும் திரவ மீடியாவில்) நீர்த்து 0, 6, 24 மணி நேரத்தில் யூ.வி. விசிபிள் படம் எடுங்கள். நீர்த்ததில் சாலனின் 350–400 நானோமீட்டர் பட்டை தெளிவாக நிற்கும். அது தேய்ந்துகொண்டே போனால் லிகண்ட் உடைகிறது அல்லது காப்பரை அமினோ அமிலம் பறித்துவிட்டது. பாஸ்பேட் பஃபரில் செய்தால் ஜிங்க் பாஸ்பேட்டாக இறங்கும் வாய்ப்பும் உண்டு, ஜிங்க் மாதிரிக்கு அந்த பஃபர் வேண்டாம். தீசிஸ்களில் தவறாமல் வரும் ட்வீடி செலேஷன் கொள்கைப் பத்தி, காம்ப்ளெக்ஸ் பாக்டீரியாவின் கொழுப்புச் சவ்வைத் தாண்டும் என்கிறது. இந்த யூ.வி. படம் இல்லாமல் அந்தப் பத்தியை ஒட்டுவது வெறும் பக்க நிரப்பல்.

மாங்காய்ப் பூஞ்சை

கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இன்னும் பொருத்தமான சோதனை ஆந்த்ராக்னோஸ் பூஞ்சை, கொலட்டோட்ரிகம். மாம்பழத்தில் கரும்புள்ளி விழ வைப்பது அதுதான். தோப்புகளில் அதற்கு அடிக்கும் காப்பர் ஆக்ஸிகுளோரைடையே ஒப்பீட்டுக்கு வைக்கலாம், காப்பர் அளவு சமமாக வரும்படி. உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகார் லிட்டருக்கு 39 கிராம். 45 டிகிரிக்கு ஆறிய பின் காம்ப்ளெக்ஸ் கரைசலைக் கலந்து ஊற்றி, நடுவில் 5 மி.மீ. பூஞ்சைத் துண்டு. கன்ட்ரோல் தட்டு நிரம்பிய அன்று, இரண்டு விட்டத்தின் வித்தியாசத்தைக் கன்ட்ரோலால் வகுத்துச் சதவீதம். இங்கே பரவல் பிரச்சினையே இல்லை. கிணற்று முறையைவிட இதை நம்பலாம்.

புற்றுச் செல்

ஆன்டிகேன்சர் பகுதியை நம் கல்லூரிகள் வெளியே கொடுத்துத்தான் செய்கின்றன. கொடுப்பவர் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும். ஒப்பீட்டு மருந்து சிஸ்பிளாட்டின். 1965-இல் ரோசன்பெர்க் பிளாட்டினம் எலக்ட்ரோடு வைத்து ஈ.கோலை வளர்த்தபோது பாக்டீரியா பிரியாமல் நீண்டதைக் கவனித்ததில் தொடங்கிய மருந்து அது. 1978-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதை டி.எம்.எஸ்.ஓ.வில் கரைத்தால் சல்ஃபர் பிளாட்டினத்தைப் பிடித்து, குளோரைடைத் தள்ளிவிடும், மருந்து செத்துப்போகும். "எங்கள் காம்ப்ளெக்ஸ் சிஸ்பிளாட்டினை மிஞ்சியது" என்ற முடிவு பல நேரம் இதனால் வருவது. 0.9 சதவீத சலைனில், மி.லி.க்கு 1 மி.கி.க்குள், வெளிச்சம் படாமல் கரைக்கச் சொல்லுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் வீழ்படியும்.

எம்.டி.டி. சோதனையில் (உயிருள்ள செல் சாயத்தின் நிறத்தை மாற்றுவதை வைத்து அளப்பது) குழிக்கு 5,000 முதல் 10,000 செல், 24 அல்லது 48 மணி நேரம், டி.எம்.எஸ்.ஓ. 0.5 சதவீதத்துக்குள், 570 நானோமீட்டரில் படிப்பு. செல் இல்லாத குழியில் காம்ப்ளெக்ஸும் எம்.டி.டி.யும் மட்டும் போட்ட கன்ட்ரோல் கட்டாயம். நிறமுள்ள, எலக்ட்ரான் பரிமாறக்கூடிய காப்பர் சேர்மம் அந்தப் படிப்பைக் குழப்பும். காப்பர் அசிடேட்டுக்குத் தனி ஐ.சி.50 (பாதியளவு தடுக்கும் செறிவு), சாதாரணச் செல் ஒன்றுக்கும் ஐ.சி.50. இரண்டும் இல்லாத அறிக்கைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.

கழிவு

பாக்டீரியா தட்டுகளை ஆட்டோகிளேவ் செய்துதான் வெளியே போட வேண்டும். கழுவிய தண்ணீர், டைட்ரேஷன் மிச்சம், பழைய டி.எம்.எஸ்.ஓ. கரைசல் எதையும் சிங்கில் விடாதீர்கள். டி.எம்.எஸ்.ஓ. தனிப் பாட்டிலில் இருக்கட்டும். காப்பர் தண்ணீரை ஒரு வாளியில் சேர்த்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் சாலன் உடைந்து காப்பர் வெளியே வரும். அதில் துரு ஏறாத சாதாரண இரும்பு ஆணிகளைப் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்ல) போட்டு ஓர் இரவு விட்டால் ஆணி மேல் செம்பு படியும். மறுநாள் ஃபெர்ரோசயனைடுச் சொட்டில் பழுப்பு வரவில்லை என்றால் சுண்ணாம்பு போட்டு மிச்சத்தை இறக்கி, சேற்றைக் காயவைத்துப் பெயர் ஒட்டிய ஜாடியில் வையுங்கள். ஃபெர்ரோசயனைடு இரும்போடு நீலமும் காட்டும். பழுப்பு தெரியாமல் நீலம் மட்டும் தெரிந்தால் அது ஆணியிலிருந்து வந்தது.